பசலிக் கணக்கு

தாத்தா பிறந்தது 1336ஆம் பசலி. ஆங்கில வருஷம் 1927, மாசி மாதம். ரெவின்யூக்காரர்களுக்கு ஆண்டு ஜூலை முதல் தேதி பிறக்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை என்றால் ஆங்கில வருஷத்திலிருந்து 590ஐக் கழிக்க வேண்டும், ஜூன் வரை என்றால் 591ஐ. முகலாயர் காலத்தில் அறுவடையையும் வரியையும் ஒட்டி வந்த கணக்கு. அடங்கலிலும் ஜமாபந்தியிலும் இன்றைக்கும் அதுதான். தாத்தா வீட்டு விசேஷங்களுக்கும் அதையே வைத்துக்கொண்டார். நீளவாக்கில் திறக்கும் கணக்கு நோட்டு, முதுகில் துணி ஒட்டியது. "1365. மூத்தவள் பிறந்தாள். ஐப்பசி. ஆற்றில் தண்ணீர் அதிகம்." அடுத்த வரியில் ஒரு கன்றுக்குட்டி வாங்கிய செலவு. சந்தோஷம், கவலை என்று ஒரு சொல்கூட அந்த நோட்டில் கிடையாது. ஆனால் 'மூத்தவள்' என்பதற்குக் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்திருக்கிறார்.

*

மேல்பட்டாம்பாக்கத்தில் ரயிலேறினால் நெல்லிக்குப்பம், வரக்கால்பட்டு, அப்புறம் திருப்பாப்புலியூர். அங்கே இறங்கி மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுக்கு நடை. எழுத்தராகச் சேர்ந்த காலத்தில் அவருக்கு அந்த மீட்டர்கேஜ் வண்டிதான் கடிகாரம். அரவை நாட்களில் நெல்லிக்குப்பம் பாரி ஆலையின் பாகு வாசனை சட்டையில் ஏறி வீடு வரைக்கும் வரும் என்று ஆயா சொல்லுவாள். 2006 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக வண்டிகளை நிறுத்தினார்கள். 2010இல் மறுபடி ஓடியபோது தாத்தாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் வந்து, வண்டி நின்று புறப்படும் வரை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அவருக்குக் கடைசிவரை மாவட்டம் என்றால் தென்னாற்காடுதான். திண்டிவனமும் கள்ளக்குறிச்சியும் சிதம்பரமும் ஒரே கலெக்டரின் கீழ் இருந்த பெரிய ஜில்லா. 1993 செப்டம்பர் 30இல் அது இரண்டானது. கடிதங்களில் புதுப் பெயரைச் சரியாக எழுதுவார், பேச்சில் பழையதே வரும்.

*

தலைமைச் செயலாளராக இருந்த சபாநாயகம் 2023இல் நூறு வயதைக் கடந்து மறைந்தார். பத்திரிகைகள் அவருடைய பணிக்காலத்தை நினைவுகூர்ந்தன. படித்தபோது நல்லது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தாத்தாவைப் போலத் தாசில்தாராக ஓய்வு பெற்ற ஒருவரைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள். அவர் எழுதியதெல்லாம் பிறருடைய பீரோக்களில், பட்டாக்களாகவும் சான்றிதழ்களாகவும் மடிந்து கிடக்கிறது.

*

தாத்தாவிடம் எழுத்தராக இருந்த ஒரு பெரியவர், அவர் காரியத்துக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இது. தாத்தா அப்போது சிதம்பரம் தாலுக்காவில் ஆர்.ஐ. பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் வாரிசு விசாரணை. மூத்த மகன், "நாங்க மூணு பேரு சார்" என்றிருக்கிறார்.

"பொண்ணுங்க?"

"அதுங்கள கட்டிக் குடுத்துட்டோம் சார்."

"கட்டிக் குடுத்தா பேரு போயிடுமா? சொல்லுங்க, எழுதணும். உள்ள அம்மா இருக்காங்கல்ல, அவங்களையும் கூப்பிடுங்க."

அந்த அம்மா வந்து நிலைப்படியில் நின்று இரண்டு மகள்களின் பெயரையும் சொல்லும் வரை தாத்தா பேனா மூடியைத் திறக்கவில்லையாம்.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படியே மனைவியும் தாயும் மகனும் மகளும் முதல் வகுப்பு வாரிசுகள், சம பங்கு. ஏட்டில் இருந்தது, ஊரில் இல்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது, அதுவும் முன்பே மணமான பெண்களுக்குக் கிடையாது. 2005 செப்டம்பரில் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. இந்த வருஷங்களைச் சட்டப் புத்தகத்தில் படிக்கிறோம். அதற்கெல்லாம் வெகுமுன்னால், ஒரு மத்தியானத்தில், நிலைப்படியில் நின்ற ஒரு தாயின் வாயால் அந்தப் பெயர்களை வரவழைக்க ஒருவர் காத்திருந்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தாத்தாவின் நேர்மை என்று ஊர் சொல்வது லஞ்சம் வாங்காததை. எனக்கு அந்தக் காத்திருப்புதான் பெரிதாகத் தெரிகிறது.

*

1980 நவம்பர். கர்ணம், மணியம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982இல் அரசின் பக்கம் தீர்ப்பானது. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்த கணக்கு, தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டியதுதான். தாத்தாவுக்கும் அதில் மாற்று எண்ணம் இல்லை. ஆனால் கணக்குகளைப் பொறுப்பெடுக்கப் போன இடத்தில், ஒரு வயதான கர்ணத்தின் வீட்டுக் கூடத்தில், ஊழியர்களைக் கட்டுகளில் கைவைக்க விடவில்லை. "ஐயா, நீங்களே எடுத்துக் குடுங்க" என்றாராம். கர்ணம் சிவப்புத் துணி முடிச்சை அவிழ்த்து, அடங்கல், சிட்டா, ஏ-பதிவேடு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நீட்ட, தாத்தா ஒவ்வொன்றுக்கும் தனியாக ரசீது எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பொழுது சாய்ந்துவிட்டது. நோட்டில் அன்றைய தேதியில்: "1390. கணக்கு ஒப்படைப்பு. அவர் வீட்டில் மோர் சாப்பிட்டது."

*

1985இல் ஓய்வு. அதற்குப் பிறகு பச்சை மைப் பேனாவைத் தொடவில்லை. பால் கணக்குகூட நீல மையில்தான். வேலை பார்த்த காலமும் பென்ஷன் வாங்கிய காலமும் ஏறக்குறைய சமம். வருஷம் ஒருமுறை கருவூலத்தில் நேர்காணல், உயிரோடிருப்பதைக் காட்ட. அன்றைக்கு மட்டும் சலவை வேட்டி. கையெழுத்து நடுங்க ஆரம்பித்த பிறகு, முதல் நாள் இரவே பழைய தாளில் எழுதி எழுதிப் பார்ப்பார். ஆளைத் தெரிந்த அலுவலர்கள் "வேண்டாம் சார், ரேகை வச்சிடலாம்" என்றாலும் ஒப்ப மாட்டார். முழுப் பெயரையும் போடுவார்.

*

1431ஆம் பசலியில் போனார். அந்த வரியை நோட்டில் நான்தான் எழுதினேன்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனு. விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. ஒரு இளம் பெண். கேட்டாள், எழுதினாள். அத்தைகள் இருவர் பெயரும் அப்பா பெயருக்கு முன்னால், வயதுப்படி. அதோடு முடியவில்லை. விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம், அக்கா தங்கச்சிங்க கையெழுத்துப் போட்டுடுவாங்க என்று சொந்தத்தில் பேச்சு கிளம்பியது. பெரியத்தை போட்டுவிட்டாள். சின்னத்தை போடவில்லை. "அப்பா ஊரு பொண்ணுங்க பேரையெல்லாம் எழுதுனாரு. எம் பேர நானே அடிக்கணுமா?" என்றாள். அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு அவரே போய் உட்பிரிவுக்கு மனுக் கொடுத்தார். இதை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அப்பாவுக்காகவும்தான்.

*

2024 டிசம்பர், ஃபெஞ்சல் புயல் மழை. 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை ஆறு கரை மீறியது. சின்னத்தையின் நிலத்துண்டில் முழங்கால் அளவு மணல், வரப்பும் கல்லும் எங்கே என்றே தெரியவில்லை.

சர்வேயர் வந்தார், கையில் புலப்படம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஜி-லைன், அதிலிருந்து பக்கவாட்டில் மீட்டர் அளவுகள். கிணற்றடிக் கல்லிலிருந்து சங்கிலியை இழுத்துப் பிடித்து, படத்தில் உள்ள எண்ணைச் சொல்லி, "இங்க தோண்டுங்க" என்றார். இரண்டு அடி மணலுக்குக் கீழே கடப்பாரை கல்லில் மோதியது. மூன்று கல் இப்படிக் கிடைத்தது. ஆற்றோரத்து நாலாவது கல் போயே போய்விட்டது. புதுக் கல்லுக்கு அத்தை தன் கைப்பட மனு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அப்பா, மணலை வாரிவிட்டுக் கரும்பே போடலாம் என்கிறார். அவ்வளவையும் வார முடியாது, மணல் பாய்ந்த மண்ணுக்கு மல்லாட்டைதான் வரும் என்கிறாள் அத்தை.