நிவாரணமும் நீதியும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி பொங்கியெழுந்த கடல், இலங்கையின் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறையிலேயே அதிக உயிர்களைக் குடித்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என முஸ்லிம் ஊரும் தமிழூரும் அடுத்தடுத்து அமைந்த அக்கரையில் அலை இனம் கேட்கவில்லை. பின்னர் வந்த நிவாரணமே இனம் கேட்டது.

2005 ஜூனில் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் நிவாரணத்துக்கான பொதுக்கட்டமைப்பில் கைச்சாத்திட்டபோது, பெருந்தொகையாக மாண்ட முஸ்லிம் மக்கள் அதில் ஒரு தரப்பாக ஏற்கப்படவில்லை. உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் அது செயலுக்கும் வரவில்லை. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் எழுந்தன. அவற்றை முஸ்லிம்களுக்கே வழங்குவது பாரபட்சம் என வழக்குத் தொடரப்பட்டது; நாட்டின் இன விகிதாசாரப்படி பகிர வேண்டுமென்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. வீடிழந்த எவ்வினத்தாருக்கும் பங்குண்டு என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், ஒரு கரையில் வீடிழந்தோரின் தொகையை விட்டு நாட்டின் மக்கள்தொகையை அளவுகோலாகக் கொண்டால், தேவை என்ற சொல்லே பொருளற்றுப் போகிறதன்றோ?

ஆய்வாளர் இத்தகைய அனுபவங்களைக் கூர்ந்து நோக்கி வருகின்றனர். பிரான்சஸ் ஸ்டுவர்ட் தொகுத்து 2008இல் வெளிவந்த நூல், தனிமனிதரிடையே உள்ள ஏற்றத்தாழ்வைவிடக் குழுக்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வே கலகத்துக்கு அதிகம் விறகாகிறது என்கிறது. 2012இலும் 2015இலும் இலங்கை உட்பட ஐந்து நாடுகளில் நடந்த கள ஆய்வோ, உதவி கிடைத்துவிட்டதால் மட்டும் அரசின் மீது நம்பிக்கை வளர்வதில்லை, மக்களின் முறையீட்டுக்குச் செவிசாய்க்கும் வழி உண்டா என்பதும் முக்கியம் என்று கண்டது. 2023இல் அஸ்வெசும திட்டம் வந்தபோது இலட்சக்கணக்கானோர் முறையீடு செய்ததை இங்கே நினைவுகூரலாம்.

இவ்வாய்வுகள் பயனுள்ளவை. ஆனால் நிதி வழங்குவோர் இவற்றிடம் கேட்கும் கேள்வி நம்மை உறுத்த வேண்டும்: உதவி கொடுத்தால் கலவரம் தடுக்கப்படுமா? தடுக்கப்படாது என்று நாளை நிறுவப்பட்டால், மருதமுனை நெசவாளியின் பங்கை நிறுத்திவிடலாமா? பொறுமையாகப் பட்டினி கிடப்பவனால் ஆபத்தில்லை; ஆகவே அவனுக்குக் குறைவாகக் கொடுத்தால் போதுமா? அமைதிக்கு விலையாகக் கொடுக்கப்படும் சோறு, கல்லெடுத்தவனுக்கே முதலில் போய்ச் சேரும். அச்சம் தீர்ந்ததும் கொடுத்த கையும் மூடிக்கொள்ளும்.

ஏழையைக் கலகக்காரனாகக் கணக்கிட்டு உதவுவது அவனை அவமதிப்பதாகும். அவன் இந்நாட்டின் உழைப்பில் பங்குகொண்டவன். அதனாலேயே அதன் பாதுகாப்பிலும் பங்குடையவன். ஆகவே பயனாளிகளின் பட்டியலும், அவர்களைத் தெரிவுசெய்த அளவுகோலும் ஊரறியத் தமிழில் வெளியிடப்பட வேண்டும். மறுக்கப்பட்டவனுக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். அந்தப் பட்டியலை மீனவக் குடிசைகளில் வாசித்துக் காட்டி, விடுபட்டவர் எவ்வினத்தவராயினும் அவருக்காக முறையீடு எழுதிக் கொடுப்பது, படித்த நமக்கு இன்று கைக்கெட்டிய கடமையாகும்.