பழைய டப்பா, புதிய கண்டன்சர்

பழைய ஆம்ப்ளிஃபயர்களைச் சீர்செய்பவர்களிடம் ஒரு வேலைமுறை உண்டு. ஆயுள் முடிந்த கெபாசிட்டரின் அலுமினிய டப்பாவை அறுத்து, உள்ளே காய்ந்துகிடக்கும் சுருளை உருவியெடுத்துவிட்டு, அதே மதிப்புள்ள புதியதொன்றை வைத்து மூடிவிடுவது. இன்றைய கெபாசிட்டர்கள் அளவில் சிறுத்துவிட்டதால் இடம் தாராளமாகவே இருக்கும். பிறகு திறந்து பார்ப்பவருக்கு 1974இல் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பாகம்போலத் தெரியும். இது பழமைக்குச் செய்யும் மரியாதையா, பொய்யா?

மாற்றாமலே விட்டால் என்ன என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். எலக்ட்ரோலைடிக் கெபாசிட்டர், நம்மூர் மெக்கானிக்குகள் வாயில் கண்டன்சர், அலுமினியத் தாளையும் மின்பகு திரவத்தில் நனைத்த காகிதத்தையும் சேர்த்துச் சுருட்டிய பொருள். அந்தத் திரவம் மெல்ல வற்றிக்கொண்டே இருக்கும். 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்திருந்தால், வெப்பம் பத்துப் பத்து டிகிரியாகக் குறையக் குறைய ஆயுள் இருமடங்காகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. 45 டிகிரியில் 32,000 மணி நேரம். தினம் நாலு மணி நேரம் பாட்டுக் கேட்டால் சுமார் 22 வருஷம். இது சாகும் என்று செய்தவனுக்கே தெரியும். பாட்டுக்குப் பின்னால் ஒரு ரீங்காரம் கேட்கத் தொடங்கும். ஷார்ட் ஆகிவிட்டால், இன்று மாற்று கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

"கண்டன்சர்ங்கறது டயர் மாதிரிங்க தம்பி, தேயறதுக்குன்னே வெச்சது" என்பார் எங்களூர் ரேடியோ மெக்கானிக் ஒருவர். குடமுழுக்கின்போது அஷ்டபந்தன மருந்தை மாற்றுகிறார்கள்; சாமி மாறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அதே திருப்பணியில் மணல் வீச்சால் கல்வெட்டு எழுத்து அழிந்தால் நெஞ்சு பதறுகிறது. பழைய கண்டன்சரில்தான் 'வார்ம் சவுண்ட்' இருக்கிறது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் கேட்பது பழுதை. அன்று கடையில் புதிதாக வாங்கியவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதேயில்லை.

ஆக, மாற்றத்தான் வேண்டும். டப்பாவுக்கு வருவோம்.

திருப்பூர்க்காரனுக்கு லேபிள் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். இங்கே தைத்த பனியனின் கழுத்தில் ஐரோப்பிய பிராண்டின் பெயர் ஏறுகிறது. அதில் பொய் இல்லை. லேபிளைக் கொடுத்தவன் தரத்துக்குப் பொறுப்பேற்கிறான். அதே ஆர்டரில் மிஞ்சியது காதர்பேட்டைக்கு வரும்போது பல சமயம் லேபிளை வெட்டிவிடுகிறார்கள். அதே துணி, அதே தையல். ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் உரிமை போய்விட்டது, ஏனென்றால் இனி அந்தப் பெயருக்குரியவன் இதற்கு ஜவாப்தாரி இல்லை. குடைந்தெடுத்த கண்டன்சர் டப்பாவில் இருக்கும் ஜப்பானிய நிறுவனப் பெயர், வெட்ட மறந்த லேபிள்.

என் அலமாரியில் இருக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லைதான். ஆனால் இந்தப் பெட்டிகள் கை மாறிக்கொண்டே இருக்கும். வாங்குபவரிடம் நான் சொல்லிவிடலாம். அவர் அடுத்தவருக்கு விற்கும்போது சொல்வாரா? நாளைக்கு அதைத் திறக்கும் மெக்கானிக்கைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். மீட்டரை வைத்துப் பார்ப்பார், அளவு சரியாகக் காட்டும். ஐம்பது வருஷக் கண்டன்சரே கெட்டியாக இருக்கிறதே என்று நம்பி, பக்கத்தில் உண்மையாகவே செத்துக்கொண்டிருக்கும் மற்றவற்றையும் அப்படியே விட்டுவிடுவார்.

அதனால் டப்பாவை அறுத்தாலும், மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் அதன் நெற்றியிலேயே கறுப்பு மார்க்கரில் எழுதிவிடுகிறேன். "அழகையே கெடுத்துப்போட்டயே" என்றான் நண்பன். கெட்டுத்தான் போயிருக்கிறது. விற்கப் போனால் விலையும் கொஞ்சம் குறையும்.