இரங்காத இளமை

சிவமயம்

சைவாசிரிய அன்பர்காள்,

பெறுதற்கரிய மானுடப் பிறவியிலே மிகப் பெறுதற்கரிய பருவம் இளமையாம். குழவிப் பருவத்திலே அறிவு நிரம்பாது; முதுமையிலே அறிவு நிரம்பினும் உடல் துணை செய்யாது. அறிவும் வலியும் ஒருங்கு நின்று ஒருவருக்கு ஏவல் செய்யும் காலம், பதினெட்டாம் வயது தொடங்கி முப்பத்தைந்து அளவும் உள்ள சில ஆண்டுகளேயாம். அவ்வாண்டுகள் கழிந்த பின்னர், “ஐயோ, அன்று செய்யாது விட்டேனே” என்று நெஞ்சு நொந்து கூறாதார் நம்முள் எத்துணையர்? நம்மிடம் பயின்று வெளியேறும் இளைஞரும் நங்கையரும் அங்ஙனம் கூறாது வாழ்தற்கு வழி யாது என்பதே யாம் இங்கே ஆராயப் புகுந்த பொருள்.

திருக்குறளிலே வினைத்தூய்மை என்னும் அதிகாரத்து ஐந்தாங் குறள் இப்பொருளையே எடுத்துக் கூறுகின்றது. அமைச்சியலுள் வைத்துக் கூறப்பட்டதாயினும் அது யாவர்க்கும் ஒக்கும். பின்னர் எண்ணி இரங்குதற்கு ஏதுவாகிய செயலைச் செய்யற்க என்பது அதன் முற்பகுதியின் கருத்து. ஒருகால் மயங்கிச் செய்துவிட்டால் மேல் யாது செய்வது என்பதற்கு விடை கூறும் பிற்பகுதியிலேதான் உரையாசிரியர்கள் வேறுபடுகின்றனர். அது போன்ற செயலை மீட்டும் செய்யாதிருத்தல் நன்று என்பது மணக்குடவர் கொண்ட பொருள். செய்ததனை நினைந்து பின்னிருந்து இரங்குதலைச் செய்யாமை நன்று என்பது பரிமேலழகர் கொண்ட பொருள்.

இவ்விரண்டனுள் எது சிறந்தது என்று நாம் வகுப்பிலே வாதிப்பதுண்டு. சொல்லிலக்கணம் பற்றி எதனைக் கொள்ளினுங் கொள்க. வாழ்க்கைக்கு இரண்டும் வேண்டும் என்பேன். இரங்கிக்கொண்டே இருப்பவன் கை ஓய்ந்திருக்க, மனம் மாத்திரம் பழைய இடத்திலேயே சுழலும். சுழலும் மனம் பழைய பிழைக்கே மீளும். இனிப் பிழையை நினைந்து சிறிதும் வருந்தாதவனோ, அதனைப் பிழையென்றே அறியான். ஆகவே பிழையை அறிதற்கு வேண்டும் அளவு வருந்துக. அறிந்தபின் வருத்தத்தை விட்டுச் செயலை மாற்றுக. இஃதே அவ்விரு பேருரைகளும் சேர்ந்து நமக்குக் கற்பிக்கும் நெறியாம்.

இனி, இரங்குதற்கு ஏதுவாவன இருவகைப்படும். செய்யத்தகாதன செய்தல் ஒன்று. செய்யத்தக்கன செய்யாது விடுதல் மற்றொன்று. இளைஞருக்கு நாம் முன்னதையே பெரிதும் எடுத்துக்கூறி அச்சுறுத்துகின்றோம். கள்ளுண்ணாதே, பொய் சொல்லாதே, தீயாரோடு கூடாதே என்கின்றோம். அவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும் ஐம்பது வயதைக் கடந்த நல்லோர் பலரைத் தனியே இருத்தி வினவின், அவர்கள் உள்ளத்தை அரிப்பது பெரும்பான்மையும் பின்னதேயாதலைக் காண்பீர்கள். செய்த தீமைக்குக் கழுவாய் உண்டு. நாளை செய்வோமென்று வைத்த நன்மைக்கோ, அந்த நாளையே வாராது போய்விடின், யாது செய்வது?

இதற்குப் பிறரைச் சான்று காட்டாது என்னையே காட்டுகின்றேன். யான் கிறிஸ்து சமயத்தார் நடாத்திய கல்லூரியிலே கற்றவன். வீட்டிலே திருநீறும் கல்லூரியிலே செபமுமாக வளர்ந்தமையின், நம் சமய சாத்திரங்களை முறையாகக் கற்க வாய்த்திலது. இருபத்திரண்டாம் வயதில் ஆசிரியத் தொழிலுக்கு வந்தபொழுது, எங்களூர்ச் சிவாலயத்திலே கந்தபுராணத்துக்குப் பயன் சொல்லும் முதியவர் ஒருவர் என்னை அழைத்து, “தம்பி, வெள்ளிதோறும் மாலையிலே வாரும், சிவஞானசித்தியார் சுபக்கத்தை உமக்குப் பாடஞ் சொல்லித் தருவேன். எனக்குப் பின் இதைக் கேட்பதற்கு இங்கே ஆளில்லை” என்றார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் அரிதாகலின், ஜாம் போத்தலிலே திரியிட்டு எரித்த சிறு விளக்கே எங்களுக்கு விளக்கு. அவ்விளக்கைத் தாமே துடைத்து வைத்துக்கொண்டு அம்முதியவர் திண்ணையிலே காத்திருப்பார். யானோ மாலை நேரத்திலே தனியார் வகுப்புக்குச் சென்று பொருளீட்டுவதில் முனைந்திருந்தேன். “தை பிறக்கட்டும் ஐயா, வருகின்றேன்” என்றேன். தை பிறந்தது. “சித்திரை விடுமுறை வரட்டும்” என்றேன்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கினர் ஒரே வழியாற் பெயர்ந்து செம்மணியும் நாவற்குழியுங் கடந்து தென்மராட்சிக்குச் சென்றமையை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கூட்டத்திலே அம்முதியவரும் ஒருவர். அவ்வாண்டு மார்கழியிலே, பிறர் வீட்டு விறாந்தையொன்றிலே அவர் சிவபதமடைந்தார். 1996 சித்திரையில் யாங்கள் ஊருக்கு மீண்டபொழுது அவர் வீட்டிலே கூரையில்லை. நாற்பது ஆண்டாக அவர் எழுதி வைத்த குறிப்புக் கொப்பிகளிலே ஓர் ஏடுதானும் இல்லை. போரும் மழையும் அவற்றைக் கொண்டுபோயின என்று ஊரார் சொன்னார்கள். யான் மனத்துட் சொல்லிக்கொண்டது வேறு. இரண்டாண்டு வெள்ளிக்கிழமைகள் நூறு என் கையில் இருந்தன; அவற்றைக் கொண்டுபோனது போரன்று.

இங்ஙனம் இரங்கிக்கொண்டே யான் சில ஆண்டுகளைக் கழித்தேன். அவ்விரக்கமும் ஒருவகைச் சோம்பலே என்பதை அறியப் பிந்திற்று. பெரியபுராணத்திலே திலகவதியார் சரித்திரத்தை மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லும்பொழுதே அதனை அறிந்தேன். அச்சரித்திரத்தை நாம் பெரும்பாலும் திருநாவுக்கரசு நாயனார் சரித்திரத்துக்கு ஒரு முகப்பாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றோம். சிறிது நின்று நோக்குக.

திருவாமூரிலே தந்தையார் புகழனாரும் தாயார் மாதினியாரும் அடுத்தடுத்து இறந்தனர். தமக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்திலே பட்டார். இவ்வளவும் நிகழ்ந்தபொழுது திலகவதியார் இளம்பெண். உயிர் விடத் துணிந்தவர், தம்பியார் அடியில் வீழ்ந்து அழுதமையால் அவருக்காக உயிர் தாங்கினார். பின்னர் அத்தம்பியாரும் சமண சமயம் புகுந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றுப் பிரிந்தார். எவருக்காக உயிர் தாங்கினாரோ அவரும் போயினார். இரங்குதற்கு இதனின் மிக்க காரணம் வேறு யாருக்கு உண்டு? அம்மையார் செய்தது யாது? திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாடோறும் விடியுமுன் எழுந்து, திருவலகிட்டார், திருமெழுக்குச் செய்தார், பூப்பறித்து மாலை தொடுத்தார், தம்பியாரை மீட்டருள வேண்டுமென்று இறைவரிடம் விண்ணப்பித்தார். துயரம் நீங்கிய பின் தொண்டு செய்வோம் என்று அவர் காத்திருந்திலர். தொண்டினுள்ளே துயரத்தை வைத்தார்.

தருமசேனர் சூலைநோயால் வருந்தித் தமக்கையாரை வரும்படி ஆளனுப்பினார். அங்கே வரமாட்டேன் என்று அம்மையார் உறுதியாகக் கூறிவிட்டார். தம்பியார் தாமே இரவில் வந்து திருவடியில் வீழ்ந்தபொழுதோ, “அன்றே நீ கேட்டிலை” என்று ஒரு சொற்சொன்னதாகச் சேக்கிழார் சுவாமிகள் கூறிற்றிலர். திருநீறு கொடுத்தார், விடியலிலே திருவலகும் திருமெழுக்குமாகத் தாம் வழக்கமாகச் செல்லும் கோயிலுக்கே அவரையும் உடன் கொண்டு சென்றார். கொள்கையிலே தளராமையும் மீண்டவரிடத்தே கடிந்துரையாமையும் ஒருவரிடத்தே ஒருங்கு நின்ற அருமையை ஓர்க.

மீண்ட நாயனாரோ, இழந்த ஆண்டுகளை எண்ணி உள்ளம் உருகினார். அவ்வுருக்கம் அவர் பதிகங்களிலே எங்கும் காணப்படும். ஆயினும் அவர் கையிலே இருந்தது உழவாரம். கோயில் கோயிலாகச் சென்று திருவீதியிலே புல்லைச் செதுக்கினார். நாவிலே இரக்கமும் கையிலே வேலையுமாக இருந்தமையாலன்றோ, பிந்தித் தொடங்கியவர் சரியைத் தொண்டுக்கே இலக்கியமாயினார்!

“எல்லாம் வினைப்பயனாயின் இரங்குவதும் முயல்வதும் எற்றுக்கு?” என ஒரு தடை நிகழும். அறிவுடைய மாணாக்கன் இதனைக் கேட்பான். கேட்பானாயின் மகிழ்ந்து விடை கூறுக. நம் சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கும். முன்னைப் பிறவிகளிலே ஈட்டப்பட்டுக் கிடப்பது சஞ்சிதம். அதனுள் இப்பிறவியிலே நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம். அதனை நுகருங்கால் நாம் புதிதாக ஏற்றுவது ஆகாமியம். வந்த துன்பத்தை நுகர்ந்தே கழிக்க வேண்டும்; அதனை நுகரும்பொழுது யாது செய்கின்றோம் என்பதிலேதான் நமது பொறுப்பு நிற்கின்றது. நேற்றை எண்ணி இன்றைப் பாழாக்குபவன், பழைய கடனுக்காக அழுதுகொண்டே புதுக்கடன் வாங்குபவனை ஒப்பான்.

வேறொரு வினாவும் என்னிடம் சிலர் கேட்பதுண்டு. “மிஷன் பாடசாலையிலே கற்றதற்காக நீர் வருந்துகின்றீரோ?” என்பர். வருந்துகிலேன். நல்லைநகர் ஆறுமுகநாவலர் 1822 இல் தோன்றி, வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தவர். 1847 டிசம்பர் 31 ஆந் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவாலயத்திலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியபொழுது அவருக்கு வயது 25. அடுத்த ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். கழிந்த ஆண்டுகள் வீணாயினவென்று அவர் அவற்றை எறிந்துவிட்டாரல்லர். அங்கே கண்ட வகுப்பு முறையையும் பிரசங்க முறையையும் அச்சின் வலியையும் நம் சமயத்துக்கு ஆக்கினார். முப்பது வயதளவிலே, 1852 இல், பெரியபுராண வசனத்தை அச்சிட்டார். பழுத்த அறிவு வரட்டும், போதிய பொருள் சேரட்டும் என்று அவர் காத்திருப்பாராயின் நமது நிலை யாதாகும்?

இனி, ஆசிரியராகிய நாம் செய்யற்பாலன எவை? இளைஞருக்கு மூன்றினைப் பழக்குக. கையில் உள்ள சிறு நன்மையை அன்றே செய்தல் ஒன்று. முதியோரிடம் கேட்கவேண்டியதை அவர் இருக்கும்பொழுதே கேட்டலும், பெற்றோருக்குச் சொல்லவேண்டிய அன்புச்சொல்லை அவர் செவிகேட்கச் சொல்லுதலும் இதனுள் அடங்கும். பகையும் பொய்யும் கடனும் வளருமுன் தீர்த்தல் இரண்டு. இரவிலே துயிலுமுன் சிவபெருமானை நினைந்து அன்றை நாளைச் சிறிது நேரம் ஆராய்ந்து, பிழையை விண்ணப்பித்து, அதனை அவர் திருவடியிலே விட்டு உறங்குதல் மூன்று. ஆராயாது உறங்குபவன் திருந்தான். விடாது ஆராய்பவன் உறங்கான்.

நாம் விடற்பாலது ஒன்றுண்டு. “அன்றே சொன்னேனல்லவா?” என்னும் வாக்கியமே அது. சில காலத்துக்கு முன் என் பழைய மாணாக்கனொருவன், 23 வயதினன், மாலையிலே என் வீட்டுக்கு வந்து வாயிலிலே நின்றான். உயர்தரப் பரீட்சையிலே தவறியவன். தாயின் நகையை ஈடுவைத்து, வெளிநாடு அனுப்புவதாகச் சொன்ன முகவனொருவனிடம் கொடுத்து ஏமாந்தவன். “சேர், என் வாழ்வு முடிந்துவிட்டது” என்றான். அம்முகவனை நம்பாதே என்று யான் முன்னரே எச்சரித்ததுண்டு. அந்த வாக்கியம் நாவின் நுனிவரை வந்தது. திருவதிகையிலே அம்மையார் சொல்லாது விட்ட சொல்லை நினைந்து அடக்கினேன். “சாப்பிட்டாயா?” என்றேன். உண்ட பின்னர், “வெள்ளி மாலை வா, சிறுவர் வகுப்புக்கு விளக்கேற்ற ஆள் வேண்டும்” என்றேன்.

அந்த வகுப்பு, என் முதியவருக்கு யான் செலுத்தாது விட்ட வெள்ளிக்கிழமைகளுக்காக, இரண்டு சிறுவரோடு தொடங்கியது. சித்தியாரை யான் முறையாகக் கேட்டவனல்லேன். உரைகளைப் பார்த்துத் தட்டித்தடவிச் சொல்லுகின்றேன். சில செய்யுட்களிலே வழி தெரியாது நிற்கும்பொழுது, இதனை அவரிடம் கேட்டிருக்கலாமே என்னும் எண்ணம் இன்றும் எழும். எழட்டும். அடுத்த செய்யுளுக்குப் போகின்றேன். அப்பிள்ளை இழந்த பணம் மீண்டிலது. ஆயினும் வேலையொன்று தேடிக்கொண்டு, மாதந்தோறும் சிறிது சிறிதாக ஈட்டை மீட்டு வருகின்றான். வெள்ளிக்கிழமைகளிலே விளக்கை அவனே துடைத்து ஏற்றுகின்றான்.

அன்பர்காள், இளமையிலே பிழையே செய்யாதவர் அரியர். பிழைத்த இடத்தினின்றும் எழுந்து, அன்றே அடுத்த நற்செயலிலே கை வைத்தவரே இரங்காது வாழ்ந்தவராவர். நம்மிடம் கற்கும் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லுதற்கு நாளைய பாடவேளையை எதிர்நோக்காது, இன்றைப் பாடவேளையிலேயே சொல்லுவோமாக. நமக்கென்று ஒரு திண்ணையிலே எவரேனும் காத்திருப்பராயின், இன்று மாலையே அங்குச் செல்வோமாக. எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் துணைநிற்க.

திருச்சிற்றம்பலம்