பந்தியில் விடுபட்டவர்கள்



நம் கோவிலுக்குப் பின்புறம் அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையார் நடத்திவருகிற மளிகை அறையைப் பற்றி இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது. அதைக் குறித்து முணுமுணுப்பு உண்டு. இரண்டு பக்கத்து முணுமுணுப்பும் என் காதுக்கு எட்டியிருக்கிறது. "நாங்கள் எடுத்து வைக்கிற பிடியரிசி வடநாட்டாருக்கா? நம் தெருவில் ஏழைகள் இல்லையா?" என்று நம்மவர் சிலர் கேட்கிறார்கள். பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிஸாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து, லைன் வீடுகளில் குடியிருக்கிற பெண்களோ, "நாங்கள் வந்து நிற்கும்போது சாமான் தீர்ந்துவிடுகிறது" என்கிறார்கள். தட்டுத் தடுமாறிய தமிழில் சொன்னாலும் விஷயம் தெளிவாகவே இருந்தது.

இதைக் கேட்டு சபையார் சிலர் மனம் நொந்துபோனார்கள். சம்பளமில்லாமல், சனிக்கிழமை ஓய்வையும் விட்டு, மூட்டை தூக்கி நிறுத்துக் கொடுக்கிறவர்களுக்கு நோகத்தான் செய்யும். அவர்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்வேன். திருச்சபைக்குள் எழுந்ததாக வேதாகமம் எடுத்துச் சொல்லும் முதல் முணுமுணுப்பே சாப்பாடு பங்கிட்டதைப் பற்றியதுதான்.

அப்போஸ்தலர் நடபடி ஆறாம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஜெருசலேம் சபையில் ஆதரவற்ற கைம்பெண்களுக்கு நாள்தோறும் உணவு பங்கிட்டு வந்தார்கள். அந்தச் சபையில் இரு பாஷைக்காரர் இருந்தார்கள். உள்ளூர் பாஷை பேசினவர்கள் ஒரு சாரார். வெளிதேசங்களில் வாழ்ந்து பழகிக் கிரேக்கம் பேசினவர்கள் மறு சாரார். கிரேக்கம் பேசின கைம்பெண்கள் பந்தியில் விடுபட்டுப் போனார்கள். யாரோ வஞ்சகமாய் விட்டதாக அங்கே எழுதப்படவில்லை. பங்கிடுகிறவன் தெரிந்த முகத்தை முதலில் பார்த்திருப்பான். தனக்குப் புரியும் பாஷையில் கேட்டவளுக்கு முதலில் காது கொடுத்திருப்பான். நம் கல்யாணப் பந்திகளில் நடப்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

அர்ச். இராயப்பரும் மற்ற அப்போஸ்தலர்களும் என்ன செய்தார்கள்? முணுமுணுத்தவர்களை நன்றியற்றவர்கள் என்று அதட்டினார்களா? இல்லை. விசுவாசிகளின் கூட்டத்தைக் கூட்டி, நற்பெயருள்ள ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களைக் கவனியுங்கள்: முடியப்பர் என்று நாம் அழைக்கும் ஸ்தேவான், பிலிப்பு, பிரோகோரு, நிக்கானோர், தீமோன், பர்மேனா, நிக்கோலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! கடைசியாகச் சொன்ன நிக்கோலா அந்தியோக்கியா பட்டணத்தான், யூதனாய்ப் பிறந்தவனுமல்ல. குறை சொன்ன பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்தார்கள் என்று வேத வியாக்கியானம் செய்த பலர் இதிலிருந்து ஊகித்திருக்கிறார்கள். எனக்கும் அப்படியே தோன்றுகிறது. விடுபட்டவர்களுக்கென்று தனி மூலையில் ஒரு பானை வைத்துக் கொடுக்காமல், உள்ளூர்க் கைம்பெண்களின் பங்கு உட்பட முழுப் பந்தியையும் அவர்கள் பொறுப்பில் விட்டார்கள். எவ்வளவு துணிவு! நம்மில் எத்தனை பேர் செய்வோம்?

முடியப்பரை முதல் வேதசாட்சி என்று டிசம்பர் 26-ஆம் தேதி கொண்டாடுகிறோம். அவர் முதலில் நியமிக்கப்பட்டது சாப்பாட்டு விசாரணைக்கு என்பது அநேகருக்கு ஞாபகம் இருப்பதில்லை. தியாக்கோன் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் பணிவிடைக்காரன், பந்தியில் பரிமாறுகிறவன் என்றே பொருள்.

இனி நம் ஊருக்கு வருவோம். "2011-ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் ரேஷன் அரிசி இலவசமாயிற்றே, பசி எங்கிருந்து வந்தது?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்த அரிசி பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கார்டு இருந்தால்தானே அரிசி? வெளிமாநிலக் கார்டுக்கும் நம் கடைகளில் பொருள் கொடுக்கும் ஏற்பாடு 2020 அக்டோபரில் வந்தது. கார்டில் பெயர் சேராதவர்களும், ஆதார் இணைக்காதவர்களும், ஊரில் இருக்கும் தாய் தகப்பன் வாங்கிக்கொள்ளட்டும் என்று கார்டை அங்கேயே விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். முதல் சம்பளம் கைக்கு வருமட்டும் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள்? நம் தெருக்களிலும் விரல் ரேகை தேய்ந்து இயந்திரத்தில் பதியாத கிழவிகள் உண்டு. அரிசி கிடைத்தவர்களுக்கும் பருப்பும் எண்ணெயும் கிடைத்தால்தான் அது சாப்பாடாகும்.

மளிகை அறைக்கு மூத்த சகோதரன் போன்ற ஒரு காரியம் அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரில் 1967-இல் தொடங்கியது. ஜான் வான் ஹெங்கல் என்ற கத்தோலிக்கர் அங்கே வின்சென்ட் தே பவுல் சபையாரின் அன்னசாலையில் தொண்டு செய்துவந்தார். தோட்டங்களில் பறிக்காமல் விட்ட பழங்களையும் சேகரித்துக் கொண்டுவந்து கொடுப்பார். கடைக்காரர்கள் வீசியெறிந்ததைப் பொறுக்கித் தன் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயை அவர் சந்தித்தார். பணத்துக்கு பாங்கி இருப்பதுபோல, மிஞ்சின உணவைப் போட்டு வைத்து இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்ற யோசனை அந்தத் தாய் சொன்னது. அர்ச். மரியம்மாள் கோவில் பங்கார் ஒரு பழைய கட்டடமும் 3,000 டாலரும் கொடுத்தார்கள். முதல் வருஷத்திலேயே 2,75,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1,25,000 கிலோ உணவு பங்கிடப்பட்டது. இன்று உலகமெங்கும் உணவு வங்கி என்று சொல்லப்படுவதற்கு ஆரம்பம் அதுதான். படித்த கனவான்களின் கமிட்டிக்குத் தோன்றாதது பட்டினி கிடந்தவளுக்குத் தோன்றியது, பாருங்கள்.

ஆகையால் சபையாருடன் கலந்து பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். லைன் வீட்டுப் பெண்கள் தாங்களே தெரிந்துகொள்ளும் இருவரும், நம் தெருக்களில் மளிகை வாங்கிப்போகிறவர்களில் இருவரும் இனி சபையாரோடு உட்காருவார்கள். யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பதில் அவர்களுக்கும் சம உரிமை உண்டு. அறைச் சாவிகளில் ஒன்று அவர்களிடம் இருக்கும். கணக்குப் புஸ்தகமும் அவர்கள் பார்க்கத்தான். "சாவியையுமா?" என்று ஒருவர் கேட்டார். ஆம், சாவியையும்தான்.

நம்மவர் முணுமுணுப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். நம் தெருவில் விடுபட்டவர் யாரென்று உங்களுக்குத் தெரிந்தால், பெயரை என்னிடமோ சபையாரிடமோ வந்து சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு இருட்டின பிறகு பையைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், அக்கம் பக்கத்துக்குத் தெரியாது. ஆனால், உள்ளூர் ஏழையின் பெயரைச் சொல்லி வெளியூர் ஏழையைத் தள்ளுகிறவர் உள்ளூர் ஏழைக்கும் எதுவும் கொடுத்ததை நான் அதிகம் கண்டதில்லை. வந்தவர்களில் பலர் நம்மைப்போல ஞானஸ்நானம் பெற்றவர்கள். 1885-இல் சோட்டாநாகபுரிக்குப் போன சேசுசபைக் குரு லீவன்ஸ் சுவாமியின் உழைப்பால் விசுவாசத்துக்கு வந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள். மற்றவர்கள் வேறு மதத்தார். எவரிடமும் ஞானஸ்நானச் சீட்டு கேட்கப்படமாட்டாது.

கொடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல். வண்டு விழுந்த பருப்பும், சிக்கெடுத்த எண்ணெயும், தேதி கடந்த மாவும் சில பைகளில் வருகின்றன. உங்கள் வீட்டு உலையில் போடமாட்டாததை அந்த அறைக்கு அனுப்பாதீர்கள். அரிசி இப்போதைக்குப் போதும். துவரம்பருப்பு, கடலை எண்ணெய், புளி, மிளகாய், குழந்தைகளுக்குப் பால் மாவு ஆகியவைதான் குறைவு. பிடியரிசிக் கலயம் வைத்திருக்கும் வீடுகளில் பக்கத்திலேயே ஒரு டப்பா வைத்து, நாளுக்கு ஒரு கைப்பிடி பருப்பும் எடுத்து வையுங்கள்.

கம்பெனியில் இரவு எட்டரை மணிக்கு வேலை விடுகிறவர்கள் சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து நிற்க முடியாது. ஆகையால் வருகிற வாரம் முதல் சனிக்கிழமை மாலை நாலு முதல் ஆறு வரையிலும், ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரையிலும் அறை திறந்திருக்கும். வந்த சாமானில் பாதி ஞாயிற்றுக்கிழமைக்கென்று நிறுத்து வைக்கப்படும். நேரத்தை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி லைன் வீட்டு வாசல்களில் ஒட்ட ஆள் தேவை. அந்தப் பாஷைகள் எழுதத் தெரிந்த பிள்ளைகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலைக்குப் பின் அறை மனைக்கு வரட்டும்.

உங்கள் பங்குக் குரு