வலிப்பும் வாய்மையும்

பெண்ணுக்கு வலிப்பு நோய் உண்டு, மாத்திரையால் கட்டுப்பட்டிருக்கிறது. வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் பங்குப் பணியாற்றும் குருக்கள் இக்கேள்விக்குத் தப்ப முடியாது. கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். காலணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் அமரும் மகள், வேலை போய்விடும் என்றஞ்சி அங்கும் அதை மறைத்தே வந்திருப்பாள்.

விடை கூறுமுன் நோய் இன்னதென அறிதல் நலம். மூளையில் ஒரு நரம்பணு மற்றொன்றைக் கிளர்வுறச் செய்யப் பெரிதும் பயன்படுத்தும் பொருள் குளூட்டமேட். நரம்பிழையின் முனையில் நுண்பைகள் உள்ளன. அவற்றின் சுவரில் அமைந்த ஒரு புரதம், காலணிகளைப் பெட்டியில் அடுக்கும் தொழிலாளியைப் போல, அப்பொருளை உள்ளே அடைத்து வைக்கிறது. பாஸ்பேட்டைக் கடத்துவது என 1994இல் கருதப்பட்ட அப்புரதத்தின் இப்பணி 2000ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. கிளர்வூட்டும் அணுக்களோடு அடக்கும் அணுக்களும் மூளையில் உண்டு. கிளர்ச்சி மிஞ்சி, அடக்கம் தளர்ந்து, எண்ணற்ற அணுக்கள் ஒரே நேரத்தில் முழங்கினால் அதுவே வலிப்பு. ஜப்பானிய அறிஞர் ஹயாஷி 1950களில் நாயின் பெருமூளைப் புறணியில் குளூட்டமேட்டைச் செலுத்தி வலிப்பு உண்டாவதைக் காட்டினார். (இதன் உப்பைத்தான் அஜினோமோட்டோ என்று கடையில் வாங்குகிறோம். அஞ்ச வேண்டாம், குருதிக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடை அதை எளிதில் விடாது. ஆம்பூர்ப் பிரியாணிக்கு அது தேவையே இல்லை என்பது வேறு செய்தி.)

இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான். அக்கல்லூரியின் ஆய்வாளர்களே, வேலூர் மாவட்டத்து வலிப்பு நோயாளரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நோயின் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழுவின் இளம்பருவம் எனக் கண்டனர். பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் அசுத்தமான நீராலும் கையாலும் அதன் முட்டை வந்து சேரும். இத்தனைக்கும் பிறகும் நம்மவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். மாற்கு 9ஆம் அதிகாரத்துச் சிறுவனைக் காட்டி, வலிப்பெல்லாம் பேயின் செயல் என்கிறார்கள். பாமரரை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே வலிப்பு நோயாளரையும் மனநோயாளரையும் பேய் பிடித்தோரையும் சேர்த்து நிறுத்திக் குருப்பட்டத்திற்குத் தடை விதித்திருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் வலிப்பு இடம்பெறவில்லை. இந்து திருமணச் சட்டத்திலிருந்து அது நீங்கியதும் 1999இல்தான்.

இங்கே ஒரு தடை எழும். வலிப்பு அணுக்களின் செயலென்றால், சினமும் பொய்யும் அதே அணுக்களின் செயல்தாமே? பின் எவரைக் குற்றஞ்சாட்டுவது? புனித தோமா அக்குவினாரின் பாகுபாடு இங்கே உதவும். மனிதனிடம் நிகழ்வதெல்லாம் மனிதச் செயலன்று; அறிவோடு எண்ணி, விருப்பத்தோடு தேர்ந்து செய்வதே மனிதச் செயல். மூளை இரண்டிலும் உண்டு. வேறுபாடு, தேர்வுக்கு இடம் இருந்ததா என்பதில்தான். ஆகவே வலிப்பில் குற்றமில்லை. ஆனால் மறைத்தல் எண்ணித் தேர்ந்த செயல். அதற்கு இந்தச் சலுகை இல்லை.

எனவே மணமகனிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பது என் முடிபு. அவருடைய சித்தப்பாவுக்கும் தெருவுக்கும் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. மறைத்த வீட்டில் மாத்திரையை ஒளித்து விழுங்க வேண்டும். சில நாள் தவறும். அடங்கிய வலிப்பு திரும்பும். வால்ப்ரோயேட் போன்ற மருந்து கருவுக்குக் கேடு செய்யும். கருத்தரிக்குமுன்பே மருத்துவர் அதை மாற்றியாக வேண்டும். கணவன் அறியாமல் அவள் எப்படி மருத்துவரிடம் செல்வாள்? சொன்னால் திருமணம் நடக்காது என்னும் அச்சத்தை வளர்த்த நமக்கும் அந்தப் பொய்யில் பங்குண்டு. மாப்பிள்ளைக்கு வலிப்பு உண்டா என்று பெண் வீட்டார் விசாரிப்பதோ மிக அரிது.

நிச்சயத்திற்கு முன் மணமகனையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அவரே கேட்டறியட்டும் என்று தாய்மார்களிடம் சொல்லி வருகிறேன். சிலர் செல்கிறார்கள். அவர்களில் சிலருக்கு வரன் திரும்பிப் போயிருக்கிறது.