அழுகினது முதலில்

திண்டுக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பூட்டுத்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 2019-இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்ததென்னவோ ஒரு மாம்பழ அறை. என் அத்தை வீட்டில் கூடத்தை ஒட்டி ஓர் இருட்டறை இருந்தது. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. சாவி அத்தையின் இடுப்பில். சித்திரை பிறந்து மலைக்கோட்டைப் பாறை அனல் கக்கத் தொடங்கியதும், நத்தம் பக்கத்துத் தோப்பிலிருந்து கூடை கூடையாகக் காய் வந்து இறங்கும். கல்லாமை, செந்தூரம், காசா என்று இனம் பிரித்து, ஒன்றோடொன்று இடிக்காமல் வைக்கோலில் அடுக்கிப் பூட்டிவிடுவாள். மூன்றாம் நாள் வாசனை வெளியே வந்துவிடும். அதைப் பூட்டி வைக்க எங்கள் ஊர்ப் பூட்டாலும் முடியவில்லை.

பகல் சாப்பாடு முடிந்ததும் கதவு திறக்கும். அத்தையின் கை மேலடுக்கில் மினுமினுக்கும் பழங்களைத் தாண்டிப் போகும். ஒரு பக்கம் கறுத்தது, காம்படியில் நீர்விட்டது, எறும்பு கண்டது - இவற்றைத்தான் எடுப்பாள். "அழுகுனத மொதல்ல தின்னு தீருங்கடா. நல்லது நாளைக்கும் இருக்கும்ல?" என்பாள். அரிவாள்மனையில் கெட்டதைச் சீவித் தள்ளிவிட்டு மிச்சத்தை எங்களுக்குப் பங்கு வைப்பாள். மறுநாள் பார்த்தால், நேற்று மினுமினுத்தவற்றில் நாலு கறுத்திருக்கும். அன்றைக்கு அவற்றின் முறை. இப்படியே கோடை முழுவதும் மாம்பழம் தின்றோம். முழுசாக ஒரு நல்ல பழம் தின்றதாக மட்டும் எனக்கு நினைவில்லை.

வாசகர்கள் சிரிக்கலாம். ஆனால் அத்தை அசடு அல்ல. பஞ்ச காலத்தில் வளர்ந்தவள். பண்டத்தை வீணாக்குவது பாவம் என்பது அவளுக்குப் புத்தகத்தில் படித்த நீதி அல்ல, வயிறு சொல்லிக் கொடுத்தது. எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் அவள் செய்தது சரிதான். கறுத்த பழத்தை இன்றைக்கு விட்டால் நாளைக்கு அது குப்பைக்குத்தானே போகும்? அறுபது நாளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது. ஒவ்வொரு நாளும் சரியாக நடந்துகொண்டு, மொத்தத்தில் தப்பாக வாழ்ந்துவிட முடியுமா? எத்தனையோ கதை எழுதியும் இந்தக் கேள்விக்கு ஒரு கதையிலும் என்னால் பதில் வைக்க முடியவில்லை.

இதே அத்தை வடு மாங்காய் போடும்போது வேறொரு மனுஷி. காம்போடு பறித்த வடுதான் வேண்டும். மண்ணில் விழுந்தது, தோலில் கீறல் பட்டது எதுவும் ஜாடிக்குள் போகக் கூடாது. ஒன்று கெட்டால் ஜாடியே கெட்டுப் போகும். விளக்கெண்ணெயில் புரட்டி, உப்பிட்டு, மூடி வைத்துத் தினம் குலுக்குவாள். உப்பு காயிலிருந்த நீரை இழுத்து வெளியே கொண்டுவரும். காய் கிழவி முகம் போலச் சுருங்கும். அந்த உப்புநீரில் காயைக் கெடுக்கும் கிருமிகள் எளிதில் பெருகாது. இது ஏன் என்று அத்தைக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பிரான்ஸ் தேசத்து நிக்கோலா அப்பேர் உணவைப் புட்டியில் அடைத்து மூடி, வெந்நீரில் காய்ச்சிக் கெடாமல் வைக்கும் முறையைக் கண்டு 1810-இல் 12,000 பிராங்க் சன்மானம் வாங்கினார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கும் தெரியாது. காரணம் சொல்லப் பாஸ்டர் வரவேண்டியிருந்தது. அதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

ஆக, நல்லதெல்லாம் ஜாடிக்கு, அதாவது நாளைக்கு, கெட்டதெல்லாம் இன்றைக்கு. பழனிப் பஞ்சாமிர்தத்திலும் விருப்பாட்சி மலைவாழை ஒரு சொட்டுத் தண்ணீர் சேராமல் சர்க்கரையோடும் தேனோடும் நெய்யோடும் பிசைபட்டுப் பல நாள் நிற்கிறது. ஆனால் அது வாழைப்பழமாக நிற்கவில்லை. வேறொன்றாக மாறிவிடச் சம்மதித்ததால் நிற்கிறது. ஊறுகாயும் அப்படித்தான். அத்தை மாங்காயை மாங்காயாக விட்டுவிடத் துணிந்த இடத்தில் ஜெயித்தாள். பழத்தைப் பழமாகவே நாளைக்கு நகர்த்தப் பார்த்த இடத்தில் தோற்றாள்.

இதெல்லாம் வீடும் ஜாடியும் உள்ளவர்களின் விசாரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விலை விழுகிற நாட்களில், பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் விவசாயி தெருவோரம் கொட்டிவிட்டுப் போகிறான். அவனிடம் 'வற்றல் போடலாமே' என்று யோசனை சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். தோப்பிலிருந்து கூடை சுமந்து வரும் பெண்ணோடு அவள் மகனும் வருவான். என் வயதுதான், ஒன்பது இருக்கும். ஒருநாள் அத்தை அவனுக்கு இரண்டு பழம் கொடுத்தாள், கறுத்தவை. எங்களுக்குச் சீவித் தருகிறவள் அவனுக்குச் சீவாமல் கொடுத்தாள். அவன் திண்ணையோரம் நின்று கெட்டதைக் கடித்துத் துப்பிவிட்டு மற்றதைத் தின்றான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நல்லதாகக் கொடுங்கள் அத்தை' என்று சொல்ல நாக்கு எழும்பியது. சொன்னால் என் பங்கில் ஒன்று குறையுமே என்று அடக்கிக்கொண்டேன்.

அதே நாள் அவன் தாய்க்கு, அந்த வருஷத்து வடுவிலேயே நல்ல ஜாடியைத் திறந்து, தூக்குவாளி நிறைய அத்தை போட்டுக் கொடுத்தாள். முகம் சுளிக்கவில்லை, அளவும் பார்க்கவில்லை. பழத்துக்குக் கை வராதவளுக்கு ஊறுகாய்க்கு எப்படி வந்தது? ஜாடி தீராது என்ற தைரியம் என்று நினைக்கிறேன். பழமோ நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பண்டம். தீர்ந்துபோகும் என்ற பயம் இருக்கிற இடத்தில் தர்மம் கையைச் சுருக்கிக்கொள்கிறது.

இந்தச் சித்திரையில் எங்கள் வீட்டுக்கும் நத்தத்திலிருந்து ஒரு கூடை வந்தது. குளிர்ப்பெட்டி இருக்கிறது, பூட்டு இல்லை. மூன்றாம் நாள் என் மனைவி, "ரெண்டு கறுத்திருக்குங்க, வேலைக்கு வர்ற அக்காவுக்குக் குடுத்துரட்டுமா?" என்றாள். நான் எழுந்து போய் நானே கூடையில் கைவிட்டேன். உள்ளதில் உசத்தியானதை எடுக்கக் கை வரவில்லை என்பதை மறைப்பானேன்? அதற்கு அடுத்ததாக இரண்டு எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாள் மோந்து பார்த்துவிட்டு, "நாளைக்கும் தாங்கும்; மகளுக்கு வச்சிருந்து குடுக்கலாம்" என்று பையில் போட்டுக்கொண்டாள்.

கறுத்த இரண்டையும் என் பெண் தொடமாட்டேன் என்கிறாள். சீவிக்கொண்டிருக்கிறேன்.