நடக்காததற்குச் சாட்சி

அலங்காநல்லூர் மெக்கானிக் என் பழைய சான்ட்ரோவின் டைமிங் பெல்ட்டை மாற்றச் சொன்னார். “நல்லாத்தானே ஓடுது?” என்றேன். “அந்துபோற வரைக்கும் நல்லாத்தாண்ணே ஓடும்.”

செயின் என்றால் தேயும்போது சலசலக்கும். இந்த ரப்பர் பல்பட்டை பெரும்பாலும் சத்தமே போடாது. கவரைக் கழற்றினால் வெடிப்போ எண்ணெய்க் கறையோ தேய்ந்த பல்லோ தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஓட்டத்தில் அறுந்தால், பல இன்ஜின்களில், திறந்து நிற்கும் வால்வைப் பிஸ்டன் மேலேறி இடிக்கும். கையேடு கிலோமீட்டரோடு வருடக்கணக்கும் சொல்வது இதனால்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. காசுக்காகச் சொல்கிறவரும் அக்கறையில் சொல்கிறவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். மாற்றிவிட்டால் எதுவும் நடக்காது; நடக்காத ஒன்றை வைத்து ஒருவருடைய நேர்மையை எப்படி அறிவது?

கழற்றிய பெல்ட்டைக் கையில் கொடுத்தார். வளைத்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. டென்ஷனரையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன்.